ஜூரியில் இருந்தேன், இப்போது தூக்கமில்லை

இங்கிலாந்தின் ஒரு நகரத்திலிருந்து, பெயர் வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 52. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை. கையில் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். ஜூரிக் கடமைக்கான, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக அமர்வதற்கான, அழைப்பு வந்தபோது, மகன்மாரில் ஒருவர் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டார் என்று பயந்து, அந்த உறையைப் பிரிக்காமல் சாமித்தட்டில் வைத்திருந்தாராம். தனக்கு ஆங்கிலம் போதாது என்று எழுதிக் கேட்டும் விலக்குக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம், பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்துக்குப் போய்வந்தார்.

கத்திக்குத்து வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் 23 வயது இளைஞர், இவருடைய மூத்த மகனின் வயது. காயத்தின் படங்களையும் சிசிடிவி காட்சியையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. தீர்ப்பு ‘குற்றவாளி’, பத்துக்கு இரண்டு. அதைச் சொன்ன நேரம் பார்வையாளர் பகுதியில் இருந்த தாய் அழவில்லையாம். கைப்பையின் சிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாராம். தண்டனை வேறொரு நாளில் அறிவிக்கப்பட்டது. உள்ளூர்ப் பத்திரிகையின் இணையதளத்தில் தேடிப் பார்த்து, ஏழு ஆண்டுச் சிறை என்று அறிந்துகொண்டார் நம் சகோதரி. இது நடந்து இரண்டு மாதம். இன்றுவரை ஒழுங்கான தூக்கம் இல்லை. கணவர், “அரசாங்க விஷயம், வெளியில் மூச்சு விடக்கூடாது” என்று சொல்லிவிட்டதால் குடும்ப வைத்தியரிடம்கூடப் போகவில்லை. ஒரு நெருங்கிய உறவினரோ, “அந்தப் பெடியனுடைய வழக்கறிஞருக்கு எழுதிப் போடு, வழக்கைத் திரும்ப எடுப்பார்கள்” என்கிறாராம். வழக்கறிஞருக்கு எழுதலாமா, தாயைப் போய்ப் பார்க்கலாமா, மனம் மாறினால் தீர்ப்பும் மாறுமா, இந்தப் பாவம் யாரைச் சேரும் என்று கேட்டிருக்கிறார். கூடவே சம்பளம், கடவுச்சீட்டு, இணையத்தில் தேடியது என்று சில துணைக் கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் மூன்றாவது பக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஜூரி அறைக்குள் ஒருவர் என்ன சொன்னார், இன்னொருவர் அதற்கு என்ன சொன்னார் என்று அதில் தொடங்கியிருக்கிறீர்கள். நான்கு வரி படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தைப் பதிவுத் தபாலில் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். ஆசிரியர் குழுவில் வேறு எவரும் அதைப் படிக்கவில்லை. பத்துப் பேரில் ஒருவராக இருந்தீர்களா, இரண்டு பேரில் ஒருவராக இருந்தீர்களா என்பதும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதையும் இங்கே சொல்லமாட்டேன். ஆகவே கீழே எழுதுவதை இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் நின்றவரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். மறைக்க வேண்டியது எது என்று உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. அதனால் சொல்லவேண்டியதையும் சேர்த்து மறைத்துவிட்டீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி அதுதான் என்பது என் எண்ணம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே. ஸ்கொட்லாந்தில் ஜூரி பதினைந்து பேர், சட்டமும் வேறு.

பூட்டு எந்தக் கதவுக்கு?

1974ஆம் ஆண்டின் ஜூரிகள் சட்டத்தில் 20டி என்ற பிரிவு 2015இல் சேர்க்கப்பட்டது. ஜூரர்கள் கலந்தாலோசித்தபோது பேசிய பேச்சு, சொன்ன கருத்து, வைத்த வாதம், போட்ட வாக்கு ஆகியவற்றை வெளியில் சொல்வது குற்றம். கேட்டு வாங்குவதும் குற்றம். அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை. வழக்கு முடிந்தால் இந்தத் தடையும் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது, ஆயுள் முழுக்க உண்டு. மற்றவர்களுடைய வாக்கைப் போலவே உங்கள் வாக்கும் இதில் அடங்கும்.

அதற்கு அப்பால்? திறந்த நீதிமன்றத்தில் நடந்த எதையும் நீங்கள் பேசலாம். சாட்சிகள் சொன்னது, திரையில் காட்டிய படங்கள், வழக்கறிஞர்களின் வாதம், நீதிபதியின் அறிவுறுத்தல், தீர்ப்பு, ‘பத்துக்கு இரண்டு’ என்று உரக்கச் சொன்ன எண்ணிக்கை, அந்தத் தாயின் கைப்பை எல்லாமே பகிரங்கமாக நடந்தவை. தெருவில் போகிற எவரும் உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம். வழக்கு நடக்கும்போது அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசக்கூடாது என்று உங்களுக்குச் சொன்னார்கள். அது சரி. ஆனால் அந்தத் தடை தீர்ப்போடு முடிந்துவிட்டது. நீதிமன்றமே சில விவரங்களை வெளியிடக்கூடாது என்று தனியாக உத்தரவிட்டிருந்தால் அவற்றை மட்டும் தவிர்க்க வேண்டும். உங்கள் வழக்கில் அப்படி எதுவும் இருந்ததாக நீங்கள் குறிப்பிடவில்லை.

உங்கள் மனநிலையையும் சொல்லலாம். “அந்தப் படங்கள் கண்ணை மூடினால் வருகின்றன”, “கத்தியை எடுத்து வெங்காயம் வெட்டக் கை கூசுகிறது” என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, இதில் ஒரு சொல்லைக்கூடச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி, உங்களைக் காப்பாற்ற நினைத்து அவராகப் போட்ட பூட்டு.

குறிப்பேடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழில் குறிப்பெடுத்தேன், யாராவது எடுத்து வாசித்திருப்பார்களோ என்று. இல்லை. ஜூரர்களின் குறிப்புகள் நீதிமன்றத்தை விட்டு வெளியே போவதில்லை. வழக்கு முடிந்ததும் இரகசியமாக அழிக்கப்படும். தமிழில் எழுதியதிலும் தவறில்லை. உங்கள் நினைவுக்காக நீங்கள் எழுதியது, எந்த மொழியில் எழுதினால் என்ன?

வழக்கறிஞருக்கு எழுதாதீர்கள்

உங்கள் உறவினர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அவர் சொன்னபடி செய்தால் பொலிஸ் விசாரணைக்கு ஆளாகப்போவது நீங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அறைக்குள் நடந்ததை எழுதுவது அந்தப் பெடியனுக்கு உதவாது, உங்களுக்கு ஆபத்து.

இதில் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானிலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்த ஒருவர், விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார். இத்தனை காலம் இங்கே இருந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று ஜூரி நீதிபதியிடமே கேட்டது. அதை வைத்து அவருக்கு எதிராக எதையும் முடிவு செய்யக்கூடாது என்று நீதிபதி தெளிவாகச் சொன்னார். குற்றம் சாட்டப்பட்ட அந்த மனிதர் பத்துக்கு இரண்டு என்று குற்றவாளி ஆக்கப்பட்டார். சில நாளில் ஜூரர் ஒருவர் அவருடைய வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார். மொழிபெயர்ப்பாளரை வைத்தது தந்திரம் என்றே மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது கடிதத்தின் சாரம். வழக்கு, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 2004இல் வந்த முடிவு: தீர்ப்புக்குப் பிறகு ஜூரி அறைப் பேச்சைச் சாட்சியமாக ஏற்க முடியாது. தண்டனை அப்படியே நின்றது. நம்மைப் போல இரண்டாவது மொழியில் வாழ்கிறவர்களுக்கு இந்த முடிவு கசக்கும். எனக்கும் கசக்கிறது. ஆனால் ஜூரர்கள் நாளை யாராவது வெளியே சொல்வார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டால் பன்னிரண்டு பேரை ஒரு அறையில் வைப்பதற்கே அர்த்தமில்லை என்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மூன்றாவது பக்கத்துக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு உண்டென்றோ இல்லையென்றோ நான் சொல்லவில்லை. தவறான முகவரிக்குப் போகிற கடிதத்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டவே இதை எடுத்தேன்.

தாயைப் போய்ப் பார்ப்பதா? வேண்டாம், சகோதரி. ஆறுதல் சொல்லப் போகிறவர் வெறும் கையோடு போகமுடியாது. ஒரு வார்த்தையாவது சொல்லியாக வேண்டும். அவர் முதலில் கேட்கப்போவது, “நீங்கள் எந்தப் பக்கம்?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கு எந்தப் பதில் சொன்னாலும் குற்றம், சொல்லாமல் திரும்பினாலும் அவருக்குக் காயம். ஒரு வழக்கின் நடுவிலேயே, அதே வழக்கில் அதற்குள் விடுதலையாகிவிட்ட ஒருவரோடு ஃபேஸ்புக்கில் பேசிய ஜூரர் ஒருவருக்கு 2011இல் எட்டு மாதச் சிறை கிடைத்தது. உங்கள் நிலை அதுவல்ல, உங்கள் வழக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் வேண்டாம்.

அப்படியென்றால் யாரிடம்?

அறைக்குள் உண்மையிலேயே முறைகேடு நடந்திருந்தால் சொல்வதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒரு ஜூரர் தொடர்பாகக் குற்றமோ நீதிமன்ற அவமதிப்போ நடந்திருக்கலாம், அல்லது ஒரு ஜூரரின் நடத்தை மேன்முறையீட்டுக்குக் காரணமாகலாம் என்று நீங்கள் நியாயமாக நம்பினால், அதைச் சிலரிடம் மட்டும் சொல்லலாம். வழக்கு நடந்த நீதிமன்றத்தின் நீதிபதி, அந்த நீதிமன்றத்தின் பொறுப்பான ஊழியர், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி, குற்றவியல் மேன்முறையீடுகளுக்கான பதிவாளர், பொலிஸ். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் இந்தப் பட்டியலில் இல்லை. நான் ஒரு சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர், நானும் இல்லை. மகன், கணவர், கோயில் ஐயர், பத்திரிகை, எவரும் இல்லை.

எது முறைகேடு? யாராவது குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி வழக்கு நடக்கும்போதே இணையத்தில் தேடி, அதை மற்றவர்களுக்குச் சொன்னால் அது முறைகேடு, குற்றமும்கூட. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவருக்கு இதற்காகவே ஆறு மாதச் சிறை கிடைத்தது. யாரோ ஒருவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருந்தும் மறைத்தால் முறைகேடு. சாட்சியத்தைப் பார்க்காமல் இனத்தையோ நிறத்தையோ வைத்து முடிவெடுத்தார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் அதையும் நீதிமன்றம் அறிய வேண்டும். விசித்திரமானதும் நடந்திருக்கிறது. ஒரு கொலை வழக்கில், இரவு ஓட்டலில் தங்கவைக்கப்பட்ட ஜூரர்கள் சிலர் ஆவியை அழைக்கும் பலகையை வைத்துக்கொண்டு இறந்தவரிடமே கேள்வி கேட்டார்கள்! 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நடந்தது ஜூரி அறையில் அல்ல, ஓட்டலில் என்பதால்தான் நீதிமன்றத்தால் அதை விசாரிக்க முடிந்தது. மறுவிசாரணையிலும் அதே தீர்ப்புத்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

எது முறைகேடு அல்ல? ஒருவர் சத்தமாகப் பேசினார், ஒருவர் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவரின் வாதம் உங்களுக்கு முட்டாள்தனமாகப் பட்டது, நீங்கள் சொல்ல நினைத்ததை ஆங்கிலத்தில் கோத்துச் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இவை எல்லாம் மனதை அரிக்கும். ஆனால் பன்னிரண்டு அந்நியர்கள் கூடினால் இவை இல்லாமல் இருக்காது, நீதிமன்றம் இவற்றை எடுத்துக்கொள்ளவும் செய்யாது.

உங்கள் மூன்றாவது பக்கம் இதில் எந்த வகை என்று நான் தரம் பிரிக்க முடியாது. நீங்களே பிரியுங்கள். முதல் வகை என்று நம்பினால் நாளைக் கடத்தாதீர்கள். தண்டனை பெற்றவர் மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்கப் பொதுவாக 28 நாள்தான். பிந்தினால் கால நீடிப்புக் கேட்க வேண்டும், அதற்குக் காரணம் காட்ட வேண்டும். எப்படி எழுதுவது என்பதைச் சொல்கிறேன். முதலில் நீதிமன்றத்தின் ஜூரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். “நான் ஜூரியில் இருந்தேன், இன்னொரு ஜூரரின் நடத்தை குறித்து நீதிபதிக்கு எழுத வேண்டும், யாருக்கு முகவரியிட வேண்டும்?” என்று மட்டும் கேளுங்கள். விஷயத்தைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். பிறகு ஒரு தாளில் வழக்கின் பெயர், நடந்த தேதிகள், யார் என்ன செய்தார் அல்லது சொன்னார், அதை நீங்களே நேரில் கேட்டீர்களா என்பதை எழுதுங்கள். உறையை ஒட்டி, மேலே ‘ஜூரி தொடர்பானது, இரகசியம்’ என்று குறித்து அனுப்புங்கள். மகனிடம் கொடுத்து ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லாதீர்கள். அவரிடம் காட்டினாலே அது வெளியிட்டதாகிவிடும். இலக்கணப் பிழை இருந்தால் இருக்கட்டும், நீதிபதி அதற்கு மதிப்பெண் போடப்போவதில்லை.

மனம் மாறினால் தீர்ப்பு மாறாது

இப்போது கடினமான இடம். “அப்போது அப்படி நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை” என்று ஒரு ஜூரர் எழுதினால் எதுவும் நடக்காது. தீர்ப்பு அறிவிக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, நீங்கள் விடுவிக்கப்பட்ட அந்த நொடியில் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. வழக்கைத் திறப்பது தண்டனை பெற்றவரின் வேலை, அவருடைய வழக்கறிஞரின் வேலை, தேவைப்பட்டால் குற்றவியல் வழக்குகள் மீளாய்வு ஆணைக்குழுவின் வேலை.

நம்மவர்களுக்கு ஜூரி என்றதும் நினைவுக்கு வருவது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1945இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி குற்றவாளிகள் என்று சொல்ல, தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்கள். லண்டனில் இருந்த அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய மேன்முறையீட்டில் 1947இல் விடுதலையானார்கள். எந்த ஜூரரும் மனம் மாறி அவர்களை வெளியே கொண்டுவரவில்லை. சட்டப் பிழையைப் பிடித்து வாதாடித்தான் வந்தார்கள். இந்தியாவில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரியே இல்லாமல் போனது. இலங்கையில் ஏழு பேர் கொண்ட ஜூரி சட்டத்தில் இன்னும் இருந்தாலும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அதனால்தான் நம் வீடுகளில் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பெரியவரும் கிடைப்பதில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் பாருங்கள். அன்று உங்களிடம் கேட்கப்பட்டது, ‘இந்தச் சாட்சியத்தைக் கேட்டபின் உறுதியாக இருக்கிறீர்களா?’ என்பது. இன்று நள்ளிரவில் உங்களை நீங்களே கேட்பது, ‘ஒரு சதவீதம்கூடச் சந்தேகம் இல்லையா?’ என்பது. அந்த இரண்டாவது கேள்விக்கு இரவு இரண்டு மணிக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. சாட்சிகள் எதிரில் இல்லாமல், காட்சிகள் துண்டு துண்டாக நினைவில் இருக்க, உங்கள் மகனின் முகத்தை அந்தப் பெடியனின் உடம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டு செய்கிற விசாரணை அது.

பாவம் யாரைச் சேரும்?

‘நான் ஏழு ஆண்டு போட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, நீங்கள் போடவில்லை. தண்டனையின் அளவில் ஜூரிக்கு எந்தப் பங்கும் கிடையாது. தண்டனை வழிகாட்டு நெறிகளை வைத்து, காயத்தின் தன்மை, ஆயுதம், முந்தைய குற்றங்கள், வயது, வருத்தம் தெரிவித்தாரா என்பதையெல்லாம் எடைபோட்டு நீதிபதி தீர்மானித்தது அந்த ஏழு. அவர் முன் இருந்த அறிக்கைகளில் பல உங்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டா.

பத்துப் பேரில் ஒருவராக இருந்திருந்தால்: உங்களோடு இன்னும் ஒன்பது பேர் அதே சாட்சியத்தைக் கேட்டு அதே முடிவுக்கு வந்தார்கள். உங்கள் ஒருவருடைய விரல் மட்டும் அந்தப் பூட்டைத் திருப்பவில்லை. இரண்டு பேரில் ஒருவராக இருந்திருந்தால்: பத்துப் பேர் ஒரு பக்கம் நிற்க, அந்நிய மொழியில், நீங்கள் நம்பியதைச் சொல்லி நின்றீர்கள். முழுக் கருத்தொற்றுமை இல்லாமல் பத்துப் பேரின் முடிவை ஏற்பது 1967இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த விதி. அதிலும் ஜூரி குறைந்தது இரண்டு மணி நேரம் கலந்தாலோசித்த பிறகே நீதிபதி அதற்கு இடம் கொடுக்க முடியும். எண்ணிக்கையில் தோற்றதால் நீங்கள் கடமையில் தவறியவராகிவிடமாட்டீர்கள்.

எந்தப் பக்கமாக இருந்தாலும் யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்க முடியாது. அது சும்மா வந்த உரிமை அல்ல. 1670இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற, குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இருவர் தெருவில் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்த வழக்கு நடந்தது. நீதிபதிகள் எதிர்பார்த்த தீர்ப்பை ஜூரி தர மறுத்தது. உணவு, தண்ணீர், குளிருக்கு நெருப்பு எதுவும் இல்லாமல் ஜூரர்களை அடைத்துவைத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. அபராதம் போட்டார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் அதைக் கட்ட மறுத்துச் சிறையில் இருந்தபடியே வழக்காடி வென்றார். சொன்ன தீர்ப்புக்காக ஒரு ஜூரரைத் தண்டிக்க முடியாது என்பது அன்று நிலைநின்ற சட்டம். ஓல்ட் பெய்லியில் அவர்களுக்கு ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. லண்டன் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாவ புண்ணியக் கணக்கு என் துறை அல்ல. கோயிலில் போய் அந்தத் தாய்க்காகவும், குத்துப்பட்டவருக்காகவும் ஒரு அர்ச்சனை செய்ய மனம் சொன்னால் செய்யுங்கள். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் குத்துப்பட்டவர் காயத்தின் படமாக மட்டுமே வருகிறார் என்பதைக் குறையாக அல்ல, கவனத்துக்காகச் சொல்கிறேன்.

வைத்தியரிடம் போங்கள்

இந்த வாரமே. “ஜூரியில் இருந்தேன், வன்முறைப் படங்கள் பார்க்க நேர்ந்தது, அதிலிருந்து தூக்கம் இல்லை, கத்தியைக் கண்டால் நடுங்குகிறது” என்று சொன்னால் போதும். ஜூரி அறைப் பேச்சு அவருக்குத் தேவையும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். வைத்தியசாலைகளிலும் குடும்ப வைத்தியரிடமும் அது இலவசம். இரவில் தாங்கமுடியாமல் போனால் மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்ற இலவச எண் எந்நேரமும் உண்டு. சில நீதிமன்றங்களில் ஜூரர்களுக்கு உளவள ஆலோசனை உதவி தருகிறார்கள். உங்கள் ஜூரி அலுவலகத்தில் அப்படி ஏதும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கணவரிடமும் பேசுங்கள். அவர் ஒதுங்குவது அக்கறையின்மையால் அல்ல என்று தோன்றுகிறது. பொலிஸும் நீதிமன்றமும் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. இந்தக் கட்டுரையில் ‘பூட்டு எந்தக் கதவுக்கு?’ என்ற பகுதியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மிச்சக் கேள்விகள்

இலங்கைக் கடவுச்சீட்டோடு ஜூரியில் இருந்ததால் தீர்ப்புச் செல்லாமல் போகுமா என்றால், போகாது. ஜூரிக்குப் பிரித்தானியக் குடியுரிமை நிபந்தனை அல்ல. 18 முதல் 75 வயது, வாக்காளர் பட்டியலில் பெயர், 13 வயதுக்குப் பிறகு குறைந்தது ஐந்து ஆண்டு இந்நாட்டில் தொடர்ந்து வசித்திருத்தல், இவைதான் கேட்கப்படுவது. வதிவிட உரிமை பெற்ற இலங்கையர்களும் இந்தியர்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் இங்கே வாக்காளர்களாகப் பதிவு செய்கிறோம்; அந்தப் பட்டியலிலிருந்துதான் உங்கள் பெயர் எடுக்கப்பட்டது.

தண்டனையை இணையத்தில் தேடியதும் குற்றமல்ல. தேடக்கூடாது என்ற தடை, நீங்கள் சத்தியப்பிரமாணம் எடுத்ததிலிருந்து விடுவிக்கப்படும் வரைதான்.

சம்பளம்: வேலை தருபவர் ஜூரிக் கடமைக்கு விடுப்புத் தரவேண்டும், சம்பளம் தரவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லாமல் போனது தவறல்ல. இழந்த வருமானத்தை நீதிமன்றத்திடம் கேட்கலாம். முதல் பத்து நாளுக்கு, நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்த நாளுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்டு. வேலையிடத்தில் நிரப்ப வேண்டிய வருமான இழப்புப் படிவத்தை உங்கள் மேலாளர் ‘பிறகு பார்க்கலாம்’ என்று வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள், பிரதி வையுங்கள். திரும்பி வந்ததிலிருந்து ஞாயிறு ஷிப்ட்டுகள் குறைந்துவிட்டன என்றும் ஒரு வரி இருக்கிறது. ஜூரிக்குப் போனதுதான் அதற்குக் காரணம் என்றால் அது சட்டவிரோதம். 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் உங்களைக் காக்கிறது. தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும் காலக்கெடு மிகக் குறுகியது என்பதால் இதற்கு மட்டும் தாமதிக்காமல், வேலைத் தகராறுகளில் ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணை அழையுங்கள். முன்னும் பின்னுமான ஷிப்ட் அட்டவணைகளைப் படம் எடுத்து வையுங்கள்.

மறுபடியும் அழைப்பு வந்தால்? கடந்த இரண்டு ஆண்டுக்குள் ஜூரிக் கடமை செய்தவர் விலக்குக் கேட்டால் தந்தே ஆகவேண்டும். நீதிமன்றம் தந்த வருகைச் சான்று இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகு வந்தால் வைத்தியரின் கடிதத்தை இணைத்து விலக்கோ ஒத்திவைப்போ கேட்கலாம். கடிதத்தைப் பிரிக்காமல் மட்டும் வைத்துவிடாதீர்கள். பதில் அனுப்பாமல் இருந்தால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம் வரலாம்.